கழுவாத காரப்பொடி

எதிர் வீட்டில் காரப்பொடிக் குழம்பு கொதிக்கிறது. கூடுவாஞ்சேரியின் இந்த மூன்றாம் மாடிக்கு ரயில் சத்தம் வரும், ஜிஎஸ்டி ரோட்டுப் புகை வரும், கடல் வராது. ஆனால் அந்தப் பொடி மீன் புளியில் வெந்து கதவிடுக்கில் நுழைந்துவிட்டால் எனக்கு வேலை ஓடாது. எழுதிய வரியைப் பாதியில் விட்டு எழுந்து நடப்பேன். கூடம், சமையலறை, பால்கனி, மறுபடி கூடம். அவள் வெளிநாடு போய் ஏழு மாதம். அங்கே இப்போது விடிந்திருக்குமா? எழுந்ததும் முதலில் எந்தச் சன்னலைத் திறப்பாள்?

என் மனைவி நுண்ணுயிரியல் படித்தவள். பல வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு ஆராய்ச்சிக்குள் போனாள். அவள் தேடியது காரப்பொடியின் தொண்டையில் இருந்தது. விரல் நீள வெள்ளி மீன். அதன் உணவுக்குழாயைச் சுற்றி வளையம்போல ஓர் உறுப்பு. அதற்குள் ஒளிவிடும் பாக்டீரியாக்கள். மீன் அவற்றுக்கு இடமும் சோறும் தருகிறது. அவை மீனுக்கு வெளிச்சம் தருகின்றன. அது வயிற்றின் வழியே கசிவதால், அடியிலிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு இதன் நிழல் தெரியாதாம்.

“குஞ்சு பொரியும்போது உள்ள ஒண்ணுமே இருக்காதுங்க,” என்பாள், சப்பாத்தி தேய்த்துக்கொண்டே. “கடல்ல எத்தனையோ விதமான கிருமி. அதுல இதை மட்டும் எப்படி உள்ள விடுது? மத்ததுக்கு ஏன் கதவைச் சாத்துது? அது இன்னும் முழுசாப் புரியல.”

“நீ என்னை உள்ள விட்ட மாதிரிதான்.”

“உங்களை எங்க வீட்ல பாத்து வெச்சாங்க. அதுல ஆராய்ச்சியே கிடையாது.”

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அவளை இரண்டு வருடத்துக்கு அழைக்கத் தயாராக இருந்தது. இந்தக் கரையின் மீனிலிருந்து அந்த பாக்டீரியாவை உயிரோடு வளர்த்துக் காட்ட வேண்டும், மாதக் கடைசிக்குள். செங்கல்பட்டு மார்க்கெட்டில் வாங்கியவை எல்லாம் ஐஸ் தண்ணீரில் ஊறியவை. உப்பில்லாத தண்ணீர் பட்டால் அந்தச் சின்ன உயிர்கள் உடைந்துவிடும். படகு கரையேறும்போதே வாங்க வேண்டும். அன்று அவளுக்குக் கல்லூரியில் தேர்வு வேலை. திருக்கழுக்குன்றம் வழியாக நான் வண்டியில் போனேன், கடல்தண்ணீர் பிடிக்க ஒரு கேனுடன்.

மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்தில் எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அக்கா என்னைக் கண்டதும் சிரித்தாள். “இன்னா சாரே, டீச்சரம்மா வர்ல? நீ வூட்டுக்குப் போய் குந்திகினு ஆயப் போறியா? இரு, நானே ஆஞ்சி தரேன்.”

நகத்தால் தலையைக் கிள்ளினாள், குடலைப் பிதுக்கினாள், எட்டத்தில் காத்திருந்த காக்கைகளுக்கு வீசினாள். குடத்து நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினாள். வேண்டியவர்களுக்கு மட்டும்தான் அந்த மரியாதை. மற்றவர்களுக்கு அப்படியே அள்ளிப் போடுவாள்.

முதல் மீனிலேயே நான் தடுத்திருக்கலாம். ‘அக்கா, வேணாம்’ என்றால் போதும். வாய் வரை வந்தது. இந்த ஆராய்ச்சி நடக்கவில்லை என்றால் மனைவி என்னை விட்டுப் போகமாட்டாள் என்றும் கூடவே தோன்றியது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி மீன் வரை.

வீட்டில் பையைப் பிரித்தவள், தலையில்லாத மீன்களைப் பார்த்து, “நீங்க சொல்லலையா?” என்றாள்.

“சொல்றதுக்குள்ள அந்தக்கா ஆஞ்சிட்டாங்க.”

அவள் அதையே குழம்பு வைத்தாள். என் தட்டில் ஊற்றினாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னேன்.

நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். “போகாதன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாம். பாவம், அந்தக்கா மேல ஏன் பழியப் போட்டீங்க?”

மறுநாள் விடிந்ததும் இருவருமாகப் போனோம். கழுவாத மீன் வேண்டும் என்றதும் அக்கா முறைத்தாள். “நேத்து குட்த்ததுல இன்னா கொற? கழுவாத மீன வாடிக்கைக்குக் குட்த்தா எம் பேரு இன்னாத்துக்கு ஆவுறது?”

“கொழம்புக்கு இல்லக்கா. உள்ள வெளக்கு இருக்குது, அது வேணும்,” என்றாள் மனைவி.

“மீனுக்குள்ள வெளக்கா? கரண்ட் பில்லு யாரு கட்றது, நீயா நானா?”

மூவரும் படகுத் தார்ப்பாய்க்கு அடியில் குந்தினோம். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டீசல் நாற்றம், புழுக்கம், கழுத்தில் வியர்வை. கண் பழக வேண்டும், பொறுங்கள் என்றாள் மனைவி. முழங்கை என் மேல் இடிக்க, பிளேடால் மீனின் தொண்டையைத் திறந்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவள் கட்டைவிரல் நுனியில், பொட்டளவு, குளிர்ந்த நீலம். அதில் அவள் நகம் தெரிந்தது. முகம் தெரியவில்லை; ஆனால் அவள் மூச்சை அடக்கியிருந்தது எனக்குக் கேட்டது. இத்தனை வருடத்தில் எனக்காக அவள் அப்படி மூச்சை அடக்கியதில்லை. பொறாமைப்பட்டேன். அதே கணம், இவள் போகத்தான் வேண்டும் என்றும் பட்டது.

“அம்மாடியோவ்,” என்றாள் அக்கா இருட்டில். “எத்தினி வருசமா இத்தக் கிள்ளிக் காக்காவுக்குப் போட்டுகினு கீறேன்!”

கடல்தண்ணீர்க் கேனில் மீதி மீன்களைப் போட்டுக்கொண்டு நேரே அவள் கல்லூரி ஆய்வகத்துக்கு ஓட்டினேன். பாக்டீரியாக்கள் வளர்ந்தன. அழைப்புக் கடிதம் வந்தது. பெட்டி கட்டினோம்.

விமான நிலைய வாசலில், பயணிகள் மட்டும் போகும் கதவுக்கு முன்னால் வரிசை நகர்ந்தபடி இருந்தது. என்னென்னவோ பேச யோசித்து வந்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

“திரும்பி வந்துடுவ இல்ல?”

பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“மொதல்ல மனசார என்னைப் போக விடுங்க. அப்புறம் கேளுங்க, சொல்றேன்.”