இரஞ்சிதம் கொடுத்த குளிசை

1986ஆம் ஆண்டு நெடுந்தீவில் மருந்து கொடுக்க இரஞ்சிதம் ஒருத்திதான் இருந்தாள். டாக்குத்தர் கிழமைக்கு ஒருமுறை வள்ளத்தில் வருவார். சில கிழமைகளில் அதுவுமில்லை.

முழங்கால் வீங்கி வந்த கடற்றொழிலாளி பஸ்ரியாம்பிள்ளைக்கு அவள் இரண்டு போத்தல்களைக் காட்டினாள்.

"இது இபுபுறோபன், அண்ணை. வயித்துக்குக் கொஞ்சம் இதம். மற்றது இன்டோமெதசின். நோவை நல்லாய் அமத்தும், ஆனா வயித்தைக் கடிக்கும்."

"எது கெதியாய்க் கேக்கும்?"

"மற்றதுதான்."

"அப்ப அதைத் தாரும், பிள்ளை. வயிறே கடலுக்குப் போறது, காலெல்லோ?"

அவள் சிரித்துவிட்டாள். நாளுக்கு மூன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதிக் கொடுத்தாள்.

அது தவக்காலம். கத்தோலிக்கர் ஒருசந்தி பிடித்து ஒருநேரம் மட்டும் உண்பார்கள் என்பது சைவ வீட்டில் பிறந்த அவளுக்கும் தெரியும். அவரிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அவர் காலையும் மத்தியானமும் வெறும் தண்ணீரோடு குளிசை போட்டார். பத்தாம் நாள் கறுத்த இரத்தமாய்ச் சத்தி எடுத்தார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வள்ளத்தை நேவி இரண்டு மணித்தியாலம் மறித்தது. அவர் உயிரோடு கரை சேரவில்லை.

"ஒருசந்தியும் முறிக்கேல்லை, மருந்தும் விடேல்லை," என்று செத்தவீட்டில் மனைவி சின்னத்தங்கம் சொல்லி அழுதாள். இரஞ்சிதத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

ஊர் நேவியைத் திட்டியது. அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பட்டப்பகலில் போத்தலைத் திறந்தாலும் எதிர்க் கதிரையில் அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு மருந்து வாங்க வந்தவர்களிடமும், "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

ஆவணியில் சின்னத்தங்கம் தோள்நோவென்று வந்தாள்.

"அவருக்குக் குடுத்ததையே தாரும், மிஸி. நோ பறந்திட்டுதெண்டு சொன்னவர்."

பேசாமல் இபுபுறோபனைக் கொடுத்து அனுப்பலாம். நடந்ததைச் சொல்வதென்றால், அது இவளுக்காகவா, தன் நித்திரைக்காகவா? எதற்கென்று தெரியாமலே வாய் திறந்தாள்.

"அது வேண்டாம், அக்கா. வெறும் வயித்திலை போட்டுத்தான் புண் வந்து ரத்தம் போயிருக்கும். ஒருசந்தியோ எண்டு நான் கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை."

இரஞ்சிதம் இபுபுறோபனை எடுத்து மேசையில் வைக்க, சின்னத்தங்கம் அதைத் தள்ளினாள்.

"அவர் சாப்பிடக் கேட்டவர், மிஸி. ஒருசந்தியை முறியாதேங்கோ எண்டு நான்தான் மறிச்சனான்."

மருந்தை எடுக்காமலே எழுந்து வெயிலில் இறங்கினாள். இரஞ்சிதம் வாசல்வரை ஓடினாள். "அக்கா, நில்லுங்கோ!" என்று கூப்பிட்டாள்.