ஓரன் டில்லியின் பன்னிரண்டாவது விதி

ஓரன் டில்லி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் வட கரோலினாவின் செம்மண் தடங்களில் கார்ப் பந்தயம் நடத்தியவர்களின் விதிப் புத்தகத்தில் பதினோரு விதிகள் அவனால் வந்தவை. அவன் ஒன்றைச் செய்வான். மறுவருஷம் ‘அப்படிச் செய்யக் கூடாது’ என்று அச்சாகும்.

1953 ஜூலை, ஒரு சனிக்கிழமை. கம்பெனியிலிருந்து வந்த உயரத்தில்தான் கார் நிற்க வேண்டும் என்பது சட்டம். தாழ்ந்த கார்தான் வளைவில் சாயாமல் பறக்கும். அதனால் ஓரன் நாலு ஸ்பிரிங்கையும் அறுத்துக் குட்டையாக்கி, இடையில் ஐஸ் கட்டிகளைச் சொருகிக் காரை நிமிர்த்தியிருந்தான். அளந்து முடிக்கும்வரை ஐஸ் தாங்கினால் போதும். மூன்று வருஷமாக ஒரு கோப்பை கிடையாது. “இன்னைக்கும் வெறுங்கையோட வந்தே, உன் கொட்டகையில கோழி வளர்ப்பேன்” என்று மனைவி லூரீன் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அளக்க வந்தவர் எல்பர்ட் ஷூக், சபை மூப்பர். வந்த நேரம் பார்த்து யாரோ பொரித்த கோழியை நீட்ட, தொப்பியைக் கழற்றி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஊரில் சீக்கில் கிடக்கிற பசுக்களைக்கூடப் பெயர் சொல்லி வேண்டினார். காருக்கடியில் சொட்டுச் சொட்டென்று விழுந்தது.

“ஆமென்!” என்றான் ஓரன்.

“இன்னும் முடிக்கலப்பா. பாக்கி ரெண்டு பசு இருக்கு.”

ஒருவழியாக அளவுக்கட்டையைக் காருக்கடியில் தள்ளினார். உரசிக்கொண்டுதான் போனது. கண்ணாடியில் சாக்பீஸால் ‘சரி’ என்று எழுதிவிட்டுக் குனிந்தவர், ஒரு ஐஸ் துண்டைப் பொறுக்கிக் கையிலிருந்த குளிர்ந்த டீயில் போட்டுக்கொண்டார்.

“ரேடியேட்டர் ஒழுகுது, மூப்பரய்யா.”

“உன் ரேடியேட்டர் தண்ணி ஜில்லுன்னு இருக்கேப்பா!”

“ஐஸ் வைக்கக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்கா?”

மூப்பர் புத்தகத்தைப் புரட்டினார். “இல்ல. ஓட்டிக்கோ. ஆனா ஜெயிச்ச காரை மட்டும் கடைசில மறுபடி அளப்பேன். அந்த விதியும் உன்னால வந்ததுதான்.”

அதற்குள் கொடி அசைந்துவிட்டது. ஓட்டியவன் லூரீனின் தம்பி கார்லைல். எல்லாரையும் முந்திப் போய்க்கொண்டிருந்தான். இரண்டாவது வந்தாலும் கோப்பை உண்டு, அளவும் கிடையாது. ஓரன் பலகையில் பெரிதாக ‘2’ என்று எழுதித் தடத்தோரம் நின்று ஆட்டினான். கார்லைல் கையைக் காட்டிச் சிரித்தான். அடுத்த நொடி கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. அரைச் சுற்று முந்தி, முதலாவதாக வந்து நின்றான்.

“ரெண்டு சுத்துதான் பாக்கின்னு காட்டினீங்களே மச்சான், விடுவேனா!”

“ரெண்டாவதா வாடான்னு சொன்னேன்டா, மரமண்டை!”

மூப்பரின் கட்டை பாதிகூட உள்ளே போகவில்லை.

மறுவருஷப் புத்தகத்தில் ‘ஸ்பிரிங்கில் உறைந்த தண்ணீர் வைக்கக் கூடாது’ என்று வந்தது. ஓரன் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைத்தான், கோழிகளுக்கு எட்டாத உயரத்தில்.