ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்த மகள்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து துவாஸ் கப்பல் பட்டறையில் துரு சுரண்டிய கை இது. இந்தக் கையால்தான் தேக்காவில் மளிகைக் கடை வைத்தேன், ஆங் மோ கியோவில் வீடு வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். யாரும் தூக்கிவிடவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் இதே தெருவில் கடை போட்டுக் கவிழ்ந்ததையும் பார்த்திருக்கிறேன். சொல்ல எனக்கென்ன கூச்சம்?

வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கடைப் பக்கம் வரக்கூடாது. அன்றைக்குத்தான் தங்குவிடுதிகளிலிருந்து தொழிலாளிகள் வந்து இறங்குவார்கள். புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஊருக்குப் போன் பேசி அழுவார்கள். நானும் அப்படி அழுதவன்தான். என் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டாம் என்றுதானே இவ்வளவு பாடும் பட்டேன்?

கடைசி மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றாள். மார்க் இருந்தது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் அவள் கேட்டது வெளிநாட்டில் ஒரு கல்லூரி. டாக்டர்கள் எட்டிப் பார்க்காத மக்களுக்கு வைத்தியம் பார்க்க ஆள் தயார் செய்வதற்கென்றே நடத்துகிறார்களாம். அங்கே மார்க் மட்டும் போதாதாம்.

நேர்காணல் கம்ப்யூட்டரில் நடந்தது. நான் கதவோரம் நின்றேன். ஆங்கிலம் முழுதாகப் புரியாது. பேச்சு நடுவில் நின்றுபோனது மட்டும் புரிந்தது. முகம் வெளுத்து வெளியே வந்தாள்.

“யாருக்கு வைத்தியம் பாக்க ஆசைன்னு கேட்டாங்கப்பா. ஃபாரின் வொர்க்கர்ஸ்னு சொன்னேன். அவங்கள்ல உனக்கு யாரைத் தெரியும்னு கேட்டாங்க.”

“என்னைச் சொல்ல வேண்டியதுதானே? நான் பட்டறையில கிடந்ததைக் கேட்டா அழுதிருப்பானுங்க.”

“சொன்னேனே. அது உங்கப்பா லைஃப், உனக்கு யாரைத் தெரியும்னு திரும்பவும் கேட்டாங்க.”

இடம் கிடைக்கவில்லை. அந்த மக்களோடு பழகிவிட்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அந்தக் கசப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. சேற்றிலிருந்து மகளை நான் தூக்கி மேலே உட்கார வைக்கிறேன். காலில் சேறு இல்லையே என்று திருப்பி அனுப்புகிறார்கள்!

“இனிமே சண்டே நான் கடைக்கு வரேன்” என்றாள். கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டேன்.

வந்தாள். கல்லாவில் நான், பக்கத்தில் அவள். தைலம் வாங்க ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். கணுக்கால் வீங்கிக் கிடந்தது.

“அண்ணே, கால்ல என்ன? வலிக்குதா?” என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். “ஒண்ணுமில்ல மேடம். வேலைக்கெல்லாம் கரெக்டா போயிட்டுதான் இருக்கேன்.”

“நான் கம்பெனி ஆளு இல்லண்ணே. சும்மாதான் கேட்டேன்.”

“சரிங்க மேடம்.” எடுத்த தைலத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

“பயந்தாங்கொள்ளிப் பய” என்றேன். “நானெல்லாம் அந்தக் காலத்துல...”

“அப்பா, அவர் பயந்தது உங்களைப் பாத்து. எந்த முதலாளிகிட்ட போய் என்ன சொல்லிடுவீங்களோன்னு. நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன் லா.”

என் கடை. வாரத்திலேயே நல்ல வியாபாரம் உள்ள நாள். என்னைப் பார்த்து வெளியே போ என்கிறாள்! வாய் வரை வந்ததை, அடுத்த நேர்காணலை நினைத்து விழுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் நான் வெளியே. ஒரு வாரம் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பின்தெருக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அதே மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த, என்னை அடையாளம் தெரியாத ஒரு புதுத் தொழிலாளி, நான் முழங்காலைத் தேய்ப்பதைப் பார்த்தான்.

“மூட்டு வலியாண்ணே? அந்த முனை மளிகைக் கடையில ஒரு பொண்ணு இருக்கும். டாக்டருக்குப் படிக்கப் போவுதாம். பொறுமையா கேக்கும். எனக்குக் கிளினிக்கு வரைக்கும் கூடவே வந்துச்சு.”

“அப்படியா?”

“ஆமா. ஆனா மொதலாளி இருக்கானான்னு எட்டிப் பாத்துட்டுப் போங்க. அந்தாளு இருந்தா யாரும் உடம்பப் பத்தி வாயத் தொறக்கறதில்ல.”

“சரி தம்பி” என்றேன்.

இரண்டாம் முறை அவளுக்கு இடம் கிடைத்தது. நேர்காணலில் யாரைப் பற்றிச் சொன்னாய் என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே போனாள்: ஒருவனுக்கு முதுகு, ஒருவனுக்குச் சர்க்கரை, எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டைக் கேட்கப் பயந்து கையைக் கெடுத்துக்கொண்ட ஒருவன். ஒவ்வொருவன் பெயரும், ஊரும், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாரும் வருஷக்கணக்காக என் கடையில் சாமான் வாங்குகிறவர்கள். எனக்கு ஒருவன் பெயர்கூடத் தெரியவில்லை.