முதல் கோடு அக்காவுடையது

அடுக்களையில் தகர மூடி திறக்கும் சத்தம் கேட்டது. படுக்கையறையில் பச்சை மேலங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த சால்வோரின் கை நின்றது. தட்டாமல் உள்ளே வந்து, அவள் சர்க்கரை தூவிச் சுருட்டி வைத்த அப்பத்தில் கைவைக்கும் ஆள் எங்கள் ஊரில் ஒருவன்தான்.

தம்பி டோர்வி! இன்றைய தேர்தலில் கட்சியின் வேட்பாளர் பட்டியலில் முதல் பெயர்.

"இருபது வருஷமா ஓட்டுப் போடுற அன்னிக்குக் கட்சி ஆபீஸ்ல காப்பியோட உன் அப்பம்தான்க்கா. கார்ல ஏத்திடவா?"

சால்வோர் அடுக்களைக்கு வந்தாள். "கீழ வைடா. அது என்கூட மீன் அறுத்தவளுங்களுக்கு."

அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது சால்வோருக்குப் பதினாறு வயது. அன்று மீன் ஆலையில் பிடித்த கத்தியை முப்பத்தெட்டு வருடம் அவள் கீழே வைக்கவில்லை. விரல்கள் கோணிப்போயின. வந்த வரன்களைத் திருப்பி அனுப்பினாள். எல்லாம் தம்பி தலைநகர் ரெய்க்யவிக்கில் சட்டம் படிப்பதற்காக! படித்து வந்தவன் ஆலைக்கே தலைவனானான். போன வருடம் படகுகளையும், கூடவே ஊரின் மீன்பிடி உரிமையையும் தெற்கே ஒரு கம்பெனிக்கு விற்றான். ஆலைக்குப் பூட்டு விழுந்தது. நாற்பது பெண்கள் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

"நம்ம பட்டியலுக்கு ஓட்டுப் போட்டுட்டு, என் பேரை மட்டும் அடிச்சுடுங்கன்னு வீடு வீடாச் சொன்னியாமே?"

"சொன்னேன். பனியில ரெண்டு தடவை வழுக்கி விழுந்தும் போய்ச் சொன்னேன்."

"பேரை அடிச்சா ஓட்டே செல்லாதுக்கா! அத்தனை பேர் ஓட்டும் பாழ்!"

சால்வோர் சிரித்தாள். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு.

"அடுத்த கட்சிப் பட்டியல்ல கோடு போட்டாத்தான் செல்லாது. நம்ம பட்டியல்ல யாரை வேணும்னாலும் அடிக்கலாம். வக்கீலுக்கு இது தெரியாதா? இல்ல, மீன் நாத்தம் புடிச்சவளுக்கு எங்க தெரியப்போகுதுன்னு நெனச்சியா?"

டோர்வி நாற்காலியில் சரிந்தான். "போன தடவையே மயிரிழையிலதான் தப்பிச்சேன். நீயே அடிச்சா நான் பட்டியல்ல கீழ போயிடுவேன், சீட்டும் போயிடும்க்கா."

"உன்னை வளர்த்தவ நான். அதான் முதல் கோடும் என்னோடது. கட்சி அப்பாவோடது, அதை விடமாட்டேன். உன்னை விட்டுட்டேன்."

வெளியே பனியில் ரப்பர் பூட்ஸ்களின் சத்தம். ஆலைப் பெண்கள்! ஒருத்தி கத்தினாள்: "ஏ சால்வோர், வர்றியா? இல்ல, உன் தம்பி அப்பத்தையும் தெற்க வித்துட்டானா?"

சிரிப்பு வெடித்தது. டோர்வி எழுந்தான். சால்வோர் ஒரு அப்பத்தை எடுத்து நீட்டினாள்.

"பசியோட போகாத. ஓட்டு மட்டும் கேக்காத."

அவன் வாங்கவில்லை. தலை குனிந்து வெளியேறினான். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஒருத்தியும் வாழ்த்துச் சொல்லவில்லை. சால்வோர் அப்ப டப்பாவை இடுக்கிக்கொண்டு பெண்களிடம் வெளியே வந்தாள். நீட்டிய அப்பம் கையிலேயே இருக்க, மறுகையால் கதவைச் சாத்தினாள்.