காய்ச்சல் என்று எழுதிய விடுப்புக் கடிதங்கள்

கட்டுரை நோட்டின் நடுத்தாளை, ஸ்டேப்ளர் பின் கழலாமல் மெல்ல உருவும்போது எழும் சன்னமான "சர்ர்" ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் நான் படித்த பள்ளியில் "லீவ் லெட்டர்" ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு பிழை இருந்தாலும் வகுப்பாசிரியர் அதை எல்லோர் முன்னும் படித்துக் காட்டிச் சிரிப்பார். அதற்குப் பயந்தே பிழையற்ற வாக்கியங்களை ஒரு சிறு நோட்டில் தொகுத்து வைத்திருந்தேன்: காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி, அக்கா கல்யாணம், வெளியூர்ப் பயணம். ஐந்தே காரணங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் கடிதத்தால் எவரும் தலைகுனிந்ததில்லை என்று பெருமை வேறு.

பக்கத்தில் உட்கார்ந்த நசீமாவின் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். நாங்கள் பத்தாவது படிக்கும்போது அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டில் "டயாலிசிஸ்". கூடப் போக அவளை விட்டால் ஆளில்லை.

"அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்னு எழுதுடி" என்றாள்.

"அதுக்கு நோட்ல வாக்கியம் இல்லடி. சொந்தமா எழுதித் தப்பாப் போனா சார் மானத்த வாங்கிடுவாரு" என்றேன்.

"அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று அவளுக்கே காய்ச்சல் என எழுதி நீட்டினேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவள் அப்பா கீழே கையெழுத்திட்டார். பிறகு அதுவே வழக்கமானது. "இன்னா டாக்டரம்மா, இன்னிக்கும் காய்ச்சல்தானா?" என்று அவளே கேலி செய்தபடி வாங்கிப் போவாள்.

ஒருநாள் ஆசிரியர் கேட்டார்: "ஏம்மா, உன் காய்ச்சல் காலண்டரப் பாத்துகினுதான் வருமா?" வகுப்பே சிரித்தது. அவள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று இடைவேளையில் கேட்டேன். "எங்கப்பா கையெழுத்துப் போட்ட காயிதத்தப் பொய்யின்னு நான் எப்டிடி சொல்லுவேன்?" என்றாள். எழுந்து சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை.

வருகை நாட்கள் குறைந்துபோனதால் தலைமையாசிரியர் அவளுடைய கடிதக் கட்டைப் புரட்டினார். அத்தனையும் காய்ச்சல், அத்தனையும் பிழையற்ற ஆங்கிலம், டாக்டர் சீட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாமே பொய் விடுப்பு என்று முடிவுகட்டி, பொதுத்தேர்வு எழுத அவளை அனுமதிக்கவில்லை. நாங்கள் தேர்வெழுதிக்கொண்டிருந்த மாதத்திலேயே அவள் அம்மாவும் போய்விட்டார். நசீமா அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை.

இப்போது அந்தப் பள்ளியில் விடுப்புக் கடிதமே கிடையாதாம். பெற்றோர் போனில் தமிழில் இரண்டு வரி அனுப்பினால் போதுமாம். மென்பொருள் அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிப் பிழைக்கும் நான், போன மாதம் மாமல்லபுரம் பேருந்தில் நசீமாவைப் பார்த்தேன். அங்கே ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாளாம். அன்று நான் செய்தது தப்பு என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"பரீட்ச எழுதியிருந்தா நான் பாஸாகியிருப்பேன் இல்ல?"