சீலை உடுத்த கடற்கன்னி

என் சித்தப்பாவின் கையிலிருந்த கடற்கன்னிக்குச் சீலை உடுத்திய கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு படத்துக்குக்கூட மானம் பார்க்கிற வீடு வேறெங்காவது இருக்குமா?

வல்வெட்டித்துறையில் ஆண்கள் கப்பலுக்குப் போவதும் திரும்பி வருவதும் புதினமில்லை. அப்பாவின் தம்பி வலது புயத்தில் பச்சை குத்திக்கொண்டு திரும்பியதுதான் புதினம். எந்தத் துறைமுகத்தில் குத்தியதோ, இடுப்புவரை கூந்தல் விட்ட ஒரு கடற்கன்னி. மேலே ஒன்றுமில்லை, கீழே வால். சித்தப்பா கையை மடக்கி முறுக்கினால் இடுப்பை வெட்டி வெட்டி ஆடுவாள். எனக்கு அப்போது பதினொரு வயது. அண்ணையோடு போட்டிபோட்டு நீந்தித் தோற்றுவிட்டு, ஈரச் சட்டையோடு வந்து, "சித்தப்பா, ஆட விடுங்கோ" என்று நிற்பேன். அவரும் சலிக்காமல் ஆடவிடுவார். அவளைப்போல ஒரு வால் இருந்தால் அண்ணையை வென்றுவிடலாம் என்பது என் கணக்கு.

அந்த நேரம் பார்த்துக் கரவெட்டியிலிருந்து சித்தப்பாவுக்குச் சம்பந்தம் வந்தது. தோட்டமும் வயலும் உள்ள ஆசாரமான குடும்பம். பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையைக் கோயிலில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினார். எங்கள் வீட்டில் எல்லாரையும் ஆட்டிவைப்பவர் மாமி, அப்பாவின் தமக்கை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நீளக்கைச் சட்டை போடுறன், அக்கா" என்றார் சித்தப்பா.

"கோயிலுக்குள்ளை சட்டையோடை நிப்பியோ? கழட்டினால் உந்த அம்மணக்காரியெல்லோ முன்னுக்கு நிப்பாள்."

அடுத்த நாளே பச்சை குத்துகிற பெண்ணொருத்தியை மாமி கூட்டிவந்தார். கடற்கன்னிக்கு மேல் ஒரு சீலையைக் குத்திவிட வேண்டுமாம். வந்தவள் ஊசியும் கையுமாகத் திகைத்துப்போனாள்.

"காலில்லாதவளுக்கு எப்பிடியம்மா சீலை கட்டுறது?"

"வாலைச் சுத்திக் கட்டு. கழுத்துமட்டும் ஏத்து" என்றார் மாமி.

சீலையோடு அவள் எப்படி நீந்துவாள் என்று கேட்டு நான் குளறி அழுதேன். மாமியின் கையைப் பிடித்து இழுத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. ஏழு கடலும் தாண்டி வந்ததாகச் சொல்லித் திரிந்த சித்தப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியபடி இருந்தார். "பேசாமல் இரு பிள்ளை, அக்கா சொன்னால் சரிதான்" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார். அவர்மேல் வந்த ஆத்திரம் எனக்கு மாமிமேல்கூட வரவில்லை.

வீக்கம் வற்றிக் காய்ந்தபின் பார்த்தால் முகம் தவிர மிச்சமெல்லாம் சீலை. நெற்றியில் ஒரு பொட்டும் வைத்திருந்தார்கள். சித்தப்பா கையை முறுக்க, கறுத்த மூட்டையொன்றுதான் அசைந்தது.

கோயிலில் கரவெட்டியார் அந்தக் கையையே உற்றுப் பார்த்தார்.

"அம்மாளாச்சியோ, தம்பி?"

சித்தப்பா வாய் திறக்குமுன், "ஓம், இவன் அம்மாளாச்சியிலை சரியான பக்தி" என்றார் மாமி. அந்த மனிதர் அம்மனென்றே நம்பி, இரண்டு கையையும் கூப்பிக் கடற்கன்னியைக் கும்பிட்டார். "உது அம்மாளாச்சி இல்லை" என்று நான் தொடங்க, மாமி கிள்ளிய கிள்ளில் என் தொடை கன்றிப்போயிற்று. கலியாணம் அங்கேயே ஒப்பேறிவிட்டது. உண்மை சொல்ல வந்தவளுக்குக் கிள்ளு, பொய் சொன்னவருக்குச் சம்பந்தம்.

அடுத்த வருடம் நான் பெரியபிள்ளையானேன். தண்ணீர் வார்த்து, பெண்கள் சூழ நின்று எனக்குச் சீலை உடுத்தினார்கள். மாமி கதிரையில் இருந்தபடி, "கழுத்துமட்டும் ஏத்து" என்றார். இனிக் கடற்கரைப் பக்கம் போகக்கூடாது என்றும் சொன்னார். அண்ணை வழக்கம்போல ஈரத்தலையோடு கடலிலிருந்து வந்து பலகாரம் எடுத்துத் தின்றார். சித்தப்பாவும் வந்திருந்தார். மாமி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

"பிள்ளை அம்மாளாச்சி மாதிரியெல்லோ இருக்கிறாள்" என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

கடற்கன்னிக்காக நான் குளறிய அன்று, அது என்னுடைய சீலையும்தான் என்று எனக்கு விளங்கியிருக்கவில்லை.