தூரி தள்ளி வைக்காத கடிகாரம்

1981 மார்ச் 31: பனி 142 செ.மீ., அதிகாலை மைனஸ் 9.
ஏப்ரல் 4: 131 செ.மீ., மைனஸ் 6.
ஏப்ரல் 7: 118 செ.மீ., மைனஸ் 4. கிழக்கு மலையில் பனிச்சரிவு, 11.50.

அதில் அகப்பட்டவன் தூரி செகா. ஒன்பது பசு வைத்திருந்தான். வசந்தத்தில் பனிச்சறுக்குப் பயணிகளைக் கணவாய் தாண்டி அழைத்துப் போவான். இரவில் இறுகிய மேல்பனி வெயிலுக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று குதிகாலால் மிதித்தே சொல்லிவிடுவான்.

பனி அளந்து, எத்தனை மணிக்குள் மலைச்சரிவைக் கடக்க வேண்டும் என்று பால் சொசைட்டிப் பலகையில் எழுதுவது என் வேலை.

மார்ச் 29 அன்று, கோடைக்கால நேரம் என்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். எங்கள் ஊரில் தள்ளவில்லை.

"பசுகிட்ட யாருப்பா போய் சொல்றது?" என்றான் தூரி.

நானும் பழைய மணியிலேயே எழுதினேன். ஆறாம் தேதி, இனிப் புது மணியில் எழுதவும் என்று தலைமை அலுவலகத்து உத்தரவு வந்தது. மறுநாள் பத்துக்குப் பதில் பதினொன்று என்று எழுதினேன். எந்த மணி என்று குறிக்கவில்லை.

தூரி பலகையைப் பார்த்தான். "என்ன யாஹன், இன்னைக்கு ஒரு மணி நேரம் தாராளமா குடுத்திருக்க? வீட்ல காபி நல்லா இருந்துச்சா?"

விஷயம் தெரிந்துதான் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். "போடா, பயணிங்க காத்திருக்காங்க," என்று சிரித்தேன்.

மிதித்துப் பார்த்தபோது அவனுக்குச் சந்தேகம் வந்ததாம். "யாஹன் அளந்துல்ல எழுதியிருக்கான்," என்று சொல்லிவிட்டு நடந்தானாம். பயணிகள் இருவரும் கடந்துவிட்டார்கள். கடைசியாக வந்த தூரி மேல் பனி சரிந்தது. பழைய மணியில் ஓடிய அவன் கைக்கடிகாரத்தில் அப்போது பத்து ஐம்பதுதான். உயிரோடு தோண்டி எடுத்தோம். இடது கால் போயிற்று.

"பனி பாக்கத் தெரியாதவன் வழி காட்டப் போனா இப்பிடித்தான்," என்று சொசைட்டியில் பேசினார்கள். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு தூரி பசுக்களை விற்றுவிட்டு, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் செரைனாவோடு நகரத்துக்குப் போய்விட்டான். ஏப்ரல்தோறும் ஒரு கடிதம் எழுதுவான்: "இந்த வருஷம் பனி எவ்வளவுடா?" ஒரு செ.மீ. பிசகாமல் பதில் போட்டேன். வேறொன்றும் எழுதவில்லை. பன்னிரண்டாம் ஆண்டுதான் பலகையில் நான் செய்ததையும் எழுதினேன்.

அவன் பதில் எழுதினான்:

"புது மணின்னு ஆஸ்பத்திரியிலயே புரிஞ்சுபோச்சுடா. கால் போனா போகுது. சொசைட்டியில நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பனி தெரியாதவன் பொண்ணுன்னு செரைனாவ பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க. இனிமே பனிக் கணக்கு அனுப்பாதே."

அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 1993 மே 19.